மங்கலும் மங்கலமும்

சேலையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது என் தப்புதான். சேலை காட்டிய பெண் கோபப்படவில்லை. சிரித்தாள். "மேம், இந்த கலெக்‌ஷனே இந்த லைட்டிங்ல பார்க்கிறதுக்காகத்தான் பண்ணினது" என்றாள். லைட்டிங் என்று அவள் சொன்னது, கவிழ்த்துத் தொங்கவிட்ட மூங்கில் கூடைகளுக்குள் எரிந்த நாலு மஞ்சள் பல்பை. எழுபதுகளில் ஈரோட்டில் எங்கள் வீட்டிலும் மாலை ஏழு மணிக்கு மேல் இதே லைட்டிங்தான். அப்போது அதற்கு லோ வோல்டேஜ் என்று பெயர்.

இடம், சென்னை ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய பங்களா. என் அண்ணன் மகளும் அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேரும் சேர்ந்து இந்தத் தை மாதம் மூன்று நாள் கண்காட்சி போட்டிருந்தார்கள். தரமணி நிஃப்ட்டில் படித்தவள், கெட்டிக்காரி, சொந்தமாக லேபிள் வைத்திருக்கிறாள். சுவர் சுண்ணாம்பு நிறம், தரை சிமெண்ட் நிறம், சேலைகள் அந்த இரண்டுக்கும் நடுவில். மூங்கில் கழியில் தொங்கியதை ஒன்று, இரண்டு என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். பதினைந்தாவதைத் தொட்டபோதுதான் அது ஜன்னல் திரை என்று தெரிந்தது. விலையைக் கைக்காகிதத்தில் பென்சிலால் எழுதி நூலில் கட்டியிருந்தார்கள். பென்சில் எழுத்தும் மங்கல்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்: 16,800. அந்தக் கூடத்திலேயே எடுப்பாக இருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் அப்பா முப்பத்தெட்டு வருசம் சேலை விரித்தவர். விற்றவர் என்றும் சொல்லலாம், ஆனால் விரித்ததுதான் அதிகம். ஈரோட்டில் மணிக்கூண்டை ஒட்டிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். உள்ளே தரை முழுக்க மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு, சுவரோரம் திண்டு. வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருவார்கள். அப்பா எதிரே முட்டி போட்டு, அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, மடிப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒரு வீசு வீசுவார். சேலை காற்றில் ஒரு கணம் நின்று, பிறகு இறங்கும். முந்தி சரியாக அந்த அம்மாள் மடியில் போய் விழும். பின்னால் எத்தனையோ ரேம்ப் வாக் பார்த்துவிட்டேன். ஒரு துணி தன்னைத்தானே காட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததை அந்த மெத்தையில் பார்த்ததுபோல் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்த வீச்சில் ஒரு சூது உண்டு. முதலில் விரிக்கிற சேலை விற்பதற்கு அல்ல. வேண்டுமென்றே மங்கலாக ஒன்றை எடுத்துப் போடுவார். அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்குவார்.

"ஏனுங்க, இது டல்லா இருக்குதுங்களே. கொஞ்சம் எடுப்பா காட்டுங்க."

"காட்டிட்டாப் போச்சுங்க அம்மணி."

அடுத்து அதன் மேலேயே அரக்கிலோ வாடாமல்லியிலோ ஒன்றை வீசுவார். சாம்பலின் மேல் விழுந்த அரக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். "கண்ணுக்கு மொதல்ல மோர் ஊத்தோணும். அப்பத்தான் கொழம்பு ருசிக்கும்" என்பார் அப்பா. சாப்பாட்டு வரிசையையே தலைகீழாக்கிவிட்ட உவமைதான், ஆனால் கடையில் அது பலித்தது.

மிச்சப் பாதியில் இரண்டு சடங்கு. ஒன்று, சேலையை வாசற்படிக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்ப்பது. ட்யூப்லைட்டை நம்பி யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். இன்னொன்று, "சாயம் போகுமுங்களா?" என்ற கேள்வி. அப்பா வாயால் பதில் சொல்ல மாட்டார். வலது கைப் பெருவிரலை நாக்கில் தொட்டு, சேலையின் ஓரத்தில் நாலு தேய் தேய்த்து, விரலை உயர்த்திக் காட்டுவார். "பாருங்க, ஒட்டுதுங்களா?" காட்டுகிற கோணத்தில் எதுவும் ஒட்டியிருக்காது. ராத்திரி வீட்டில் அவர் சோறு பிசையும்போது எங்களுக்குத் தெரியும். ஒருநாள் பெருவிரல் அரக்கு, ஒருநாள் மயில்கழுத்து, ஒருநாள் கத்தரிப்பூ. தீபாவளிக்கு முந்தின வாரமென்றால் எல்லாம் கலந்து ஒரு மாதிரி நாவல்பழ நிறத்தில் இருக்கும். விரலைப் பார்த்தே அன்றைக்கு என்ன ஓடியது என்று அம்மா சொல்லிவிடுவார்.

ஒரு தடவை அந்த விரல் பொய்த்துப் போனது. சிவகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் வாங்கிப்போன கிளிப்பச்சைச் சேலை, முதல் துவைப்பிலேயே வீட்டுக்காரரின் வேட்டி நாலையும் கிளியாக்கிவிட்டது. அவர் வேட்டிகளோடு கடைக்கு வந்துவிட்டார். முதலாளி சேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வேட்டிக் காசை அப்பா சம்பளத்தில் பிடித்தார். அந்த மாசம் எங்கள் வீட்டில் எண்ணெய்ப் பலகாரம் கிடையாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1950களின் கடைசியில் அமெரிக்காவில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடை, இந்த மெட்ராஸிலிருந்து போன கட்டம் போட்ட கைத்தறித் துணியில் சட்டை தைத்து விற்றது. துவைத்ததும் சாயம் ஓடியது. புகார் வந்தது. யார் சம்பளத்திலும் பிடிக்கவில்லை. 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று பெயர் வைத்து, ஒவ்வொரு துவைப்புக்கும் நிறம் கலங்கி இறங்குவதுதான் இதன் அழகு என்று விளம்பரம் செய்தார்கள். ஓகோவென்று விற்றது. பத்திரிகைக்காகப் படித்த இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், "அப்படியுஞ் சொல்லலாமா கண்ணு?" என்று கேட்டார்.

மோர் ஊற்றுகிற சேலைகளின் கதி என்ன ஆகும்? நாள் முழுக்க விரித்து மடித்து, மடிப்பு வெளுத்து, ஓரம் தூசு படிந்து, ஆடித் தள்ளுபடியிலும் போகாமல் நிற்கும். முதலாளி அதைப் பாதி விலைக்கு வேலைக்காரர்களுக்குத் தள்ளிவிடுவார். அப்படியாக 1968க்கும் 1985க்கும் நடுவில், எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் ஒரு முழு மியூட்டட் கலெக்‌ஷன் சேர்ந்தது. ஊரில் யாரும் வாங்காத நிறமெல்லாம் எங்கள் அம்மாவிடம் இருந்தது. அம்மா ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். வெங்காயச் சருகு, யானைக் கலர், பாக்குக் கலர், எள்ளுப்பூ எல்லாம் ஊரறிந்தவை. மழைத்தண்ணி, கருவாடு என்று இரண்டு, அவர் சொந்தமாக வைத்தவை. வாசலில் கோலம் போடும்போது பக்கத்து வீட்டக்கா கேட்பார்: "வீட்டுக்காரரு ஜவுளிக்கடையில இருந்தும் உனக்கு இதேதானா?" அம்மாவிடம் ஒரே பதில்: "அழுக்குத் தெரியாதுங்க்கா."

எனக்கும் அதே துணியில் மிச்சம் வெட்டிப் பாவாடை. 1973 தீபாவளிக்கு ரோஸ் கலர் நைலக்ஸ் வேண்டும் என்று அழுதேன். காப்பித்தூள் நிறத்தில் வந்தது. எங்கள் பள்ளிக்கூட குரூப் போட்டோ கறுப்பு வெள்ளை. அந்த ஒரு படத்தில் மட்டும் எல்லோருடைய பாவாடையும் என் பாவாடை மாதிரியே இருக்கும்.

அம்மாவிடம் எடுப்பான சேலை ஒன்றே ஒன்று இருந்தது. கல்யாணப் பட்டு. அரக்கில் மாம்பழக் கரை. அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருசம், பழைய பட்டுச்சேலை எடுக்கிறவர் தெருவில் வந்தார். ஜரிகையில் இருக்கிற வெள்ளிக்காக வாங்குவார்கள். எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். அம்மா உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். அவர் கரையைக் கல்லில் உரசிப் பார்த்தார், தராசில் போட்டார். அண்ணனுக்குப் பீஸ் கட்டியது போக மிச்சத்தில் ஒரு குக்கர் வந்தது. குக்கர் இன்னும் இருக்கிறது.

தெருவில் மங்கலை உடுத்த எங்களுக்குத் துணை அப்பத்தா. முப்பது வயதில் தாலியறுத்தவர். கொங்கு நாட்டு வழக்கப்படி வெள்ளைச் சேலை, ரவிக்கை கிடையாது. வெள்ளை என்று பெயர்தான். கிணற்று உப்புத்தண்ணீரில் துவைத்துத் துவைத்து அது வெள்ளையையும் விட்டுவிட்டு, மண்ணையும் எட்டாமல், நடுவில் எங்கோ நின்றுபோனது. அந்த நிறத்துக்கு எங்கள் ஊரில் பெயரே கிடையாது. பெயர் சொல்லிக் கேட்கிற நிறமில்லை அது. விசேஷ வீட்டில் அப்பத்தா பின்கட்டிலேயே நிற்பார். சாயம் காணாத துணி எங்கள் வீட்டுக்கு வந்தால் அது கோடி, இல்லையென்றால் இட்லிச் சட்டிக்குத் துணி. புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் தடவாமல் யாரும் உடம்பில் போட மாட்டோம். மங்கலுக்கும் மங்கலத்துக்கும் தமிழில் இரண்டெழுத்துத்தான் வித்தியாசம். அந்த இரண்டெழுத்துக்குள் அப்பத்தாவின் ஐம்பது வருசம் போயிற்று.

1987இல் சென்னைக்கு வந்து ஒரு பெண்கள் பத்திரிகையில் உதவி ஆசிரியரானேன். ஜவுளிக்கடைக்காரர் மகள் என்பதால் ஆடைப் பக்கம் என் தலையில் விழுந்தது. மாநிறத்துக்கு எந்தக் கலர் எடுக்கும் என்று வாராவாரம் எழுதினேன். சரக்கு முழுக்க அப்பாவுடையது. அவர் ஆளைப் பார்த்ததும் சேலை எடுப்பார். கண்ணாடி முன்னால் தோளில் போட்டுக் காட்டி, "உங்க நெறத்துக்கு இது சும்மா கும்முனு இருக்குமுங்க" என்பார். கறுத்த பெண்ணுக்கு வெளிர் நிறம் காட்டவே மாட்டார். அந்தச் சட்டத்தை நான் அப்படியே அச்சில் ஏற்றினேன். எத்தனை பெண்கள் அதைப் படித்துவிட்டு ஆசைப்பட்ட இளநீலத்தை வைத்துவிட்டு வந்தார்களோ. கடையில் 'ஸ்கின் கலர்' என்று கொடுப்பார்களே உள்பாவாடைக்கும் மற்றதற்கும், அந்தக் கலரில் ஈரோட்டிலும் ஆளில்லை, சென்னையிலும் ஆளில்லை. அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை.

நடைபாதையில் வாங்கிய பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளில்தான் ஜார்ஜியோ அர்மானியைத் தெரிந்துகொண்டேன். 1975இல் மிலானில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தவர். 1980இல் வந்த 'அமெரிக்கன் ஜிகோலோ' படத்தில் ரிச்சர்ட் கியருக்கு உடை கொடுத்து உலகத்துக்கே தெரிந்தவரானார். 2025 செப்டம்பரில், 91 வயதில் இறந்தார். அவருடைய கொடி நிறத்துக்கு 'கிரேஜ்' என்று பெயர். சாம்பலும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் நடுவில் நிற்கும். படத்தைப் பார்த்ததும் எனக்கு மழைத்தண்ணிச் சேலை ஞாபகம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், நெசவுத் தொழிலில் சாயப்பட்டறைக்குப் போகாத பச்சைத் துணிக்கும் அதே பெயர்தான். பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறி வீட்டில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும்: நாங்கள் காடாத் துணி என்போம், பில்லில் கிரே கிளாத் என்று எழுதுவார்கள்.

மற்றப் பெயர்களும் இப்படித்தான். எக்ரூ என்றால் பிரெஞ்சில் வெளுக்காதது. பேஜ் என்பது சாயம் ஏற்றாத ஆட்டுமயிர்த் துணியின் பெயர். டோப் என்றால் அகழெலி. எங்கள் அம்மா கருவாடு என்று வைத்தால் பட்டிக்காடு, பிரெஞ்சுக்காரன் எலி என்று வைத்தால் மீட்டருக்கு நாலாயிரம்.

இந்த ஊர்க் கல்யாணத்துக்குள் மங்கல் வந்தது எனக்குத் தெரிந்து 2017 டிசம்பருக்குப் பிறகுதான். இத்தாலியில் டஸ்கனியில் அனுஷ்கா சர்மா, விராட் கோலி கல்யாணம். டிசைனர் சப்யசாச்சி செய்த வெளிர்ரோஸ் லெஹங்கா. வடக்கே மணப்பெண் என்றால் சிவப்பு என்று இருந்ததை அந்த ஒரு படம் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டது. 2022 ஏப்ரலில் ஆலியா பட் தந்த நிறத்தில் சேலையே கட்டிக்கொண்டார், அதுவும் சப்யசாச்சி. அதே வருசம் ஜூனில் மகாபலிபுரத்தில் நயன்தாரா சிவக்கச் சிவக்க வந்து நின்றபோது, டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் அம்மா, "அப்பாடி, இது பொண்ணு" என்றார். ஆனால் ஊர் நயன்தாரா பக்கம் போகவில்லை. போன வருசம் எங்கள் சொந்தத்தில் ஒரு ரிசப்ஷன். மேடை, பூ, சோபா, பெண், மாப்பிள்ளை, கேக் எல்லாம் ஒரே நிறம். காஞ்சிபுரத்திலேயே பட்டை வெளிர வைத்து வெள்ளி ஜரிகை போட்டுக் கொடுக்கிறார்கள். மாமா ஒருவர் மொய்க் கவரைக் கேக்கிடம் நீட்டியதாக இன்றுவரை கேலி ஓடுகிறது. நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

சிரித்துக்கொண்டே இருந்துவிடலாம். ஆனால் அண்ணன் மகள் ஒருநாள் என்னைத் திருப்போரூர்ப் பக்கம் அவள் சாயம் போடுகிற தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே போனதிலிருந்து என் கேலி கொஞ்சம் சாயம் போய்விட்டது.

தோட்டத்தில் நாலு அண்டா. ஒன்றில் கடுக்காய்த்தூள் ஊறிய தண்ணீர், ஒன்றில் மாதுளைத் தோல் கொதிக்கிறது. மூலையில் மூடிவைத்த ஒரு மண்பானை. உள்ளே துருப்பிடித்த ஆணி, லாடம், பழைய கதவுக் கீல், வெல்லத் தண்ணீர். மூன்று வாரமாகப் புளிக்கிறதாம். கலம்காரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கறுப்பு எடுப்பது இப்படித்தான். மூடியைத் திறந்ததும் பழைய சோற்றுப் பானையும் இரும்புக்கடையும் கல்யாணம் பண்ணிக்கொண்டதுபோல் ஒரு வாசனை. கடுக்காயில் நனைத்துக் காயவைத்திருந்த துணி எலுமிச்சை வெளுப்பாக இருந்தது. அதை எடுத்துப் பானைத் தண்ணீர் கலந்த தொட்டியில் போட்டாள். ஒரு வினாடி ஒன்றும் இல்லை. பிறகு மடிப்பு ஓரத்திலிருந்து சாம்பல் கிளம்பிற்று. மேகம் கட்டுவதுபோல் பரவி, அவள் கோலால் புரட்டப் புரட்டக் கறுத்து, தூக்கிப் பிடித்தபோது ஆடி மாசத்து வானம் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்ன பேர் வைக்கலாம் அத்தை?"

"துருக்கறை" என்றேன். உண்மை அதுதானே. ஆணியில் மாட்டிய ஈரச்சட்டையில் துரு இறங்கினால், அம்மா எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்துக்கொண்டே என்னைத் திட்டிய கறை. அவள் 'மான்சூன்' என்று எழுதிக்கொண்டாள்.

காலிங்கராயன் வாய்க்காலை அவளிடம் அன்றைக்குச் சொன்னேன். பவானியில் பிரிந்து, ஈரோட்டை ஒட்டி ஓடி, நொய்யலில் போய்ச் சேரும் 13ஆம் நூற்றாண்டு வாய்க்கால். சின்ன வயதில் நாங்கள் பாலத்தில் நின்று இன்றைக்கு என்ன கலர் என்று பந்தயம் கட்டுவோம். ஒருநாள் செவ்வரி, ஒருநாள் நீலவரி. எடுப்பாகக் காட்டுங்க என்று எங்கள் கடையில் கேட்ட அத்தனை அம்மணிகளுக்கும் பின்னால் அந்தத் தண்ணீர் ஓடியது. எங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. திருப்பூரில் நொய்யல் கெட்டுப்போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் அந்தப் பந்தயத்தை நினைத்து எனக்குக் கூசியது. அதற்காக மங்கலெல்லாம் யோக்கியம் என்றும் நினைத்துவிட வேண்டாம். மில்லில் போடுகிற சாம்பல் நிறத்துக்கும் பட்டறைதான், உப்புத்தான், மூன்று நாலு சாயத்தைக் கலந்தால்தான் அந்த மங்கலே வரும். கண்ணுக்கு அடக்கமாக இருப்பது ஆற்றுக்கும் அடக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இவளுடைய நாலு அண்டா வேறு கணக்கு. ஆனால் நாலு அண்டாவில் எத்தனை பேர் உடுத்த முடியும் என்று கேட்டேன். "அதான் அத்தை 16,800" என்றாள்.

கண்காட்சியில் நானும் ஒன்று வாங்கினேன். சொந்தக்காரத் தள்ளுபடி போக 14,000. சாயமே காணாதது, கோரா என்கிறாள், காடாவின் சீமந்த புத்திரி. வீட்டுக்கு வந்து வழக்கம்போல் ஓரத்தில் ஒரு துளி மஞ்சள் தடவினேன். பார்த்துக்கொண்டிருந்தவள் அலறினாள்: "அத்தை! அது ஸ்டெயின்!" மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு பழைய ஆபீஸ் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?"

கண்காட்சியின் கடைசி நாள் அண்ணன், அப்பாவையும் அம்மாவையும் காரில் கூட்டிவந்தான். அப்பாவுக்கு 89, அம்மாவுக்கு 83. பேத்தி வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அப்பா ஒவ்வொரு சேலையாக நிதானமாகப் பார்த்தார். ஓரத்தைத் தடவினார். நெசவில் குறை சொல்லவில்லை.

"எல்லாமே மொதச் சேலையாவே இருக்குதே கண்ணு" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"அப்பாரு, இப்ப உலகமே இப்படித்தான். பான்டோன்னு ஒரு கம்பெனி வருசா வருசம் ஒரு கலர் அறிவிப்பாங்க. போன வருசம் மோக்கா மூஸ், காப்பி மாதிரி. இந்த வருசம் கிளவுட் டான்சர்."

"அது என்ன கலரு?"

"வெள்ளை."

அப்பா என்னைப் பார்த்தார். "வருசத்துக்கு ஒரு கலருன்னு சொல்லிப்போட்டு வெள்ளையைக் குடுத்துட்டாங்களா? நல்ல யாவாரம்."

கூடத்தில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் நாற்பது வயதுக்குள் ஒரு பெண்மணி, காதில் ஒன்றுமில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை, நல்ல பணக்காரர் என்று பார்த்ததும் தெரிந்தது. கையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு முடிவு செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டார். முப்பது வருசமாகத் தூங்கிய ஏதோ ஒன்று எழுந்துகொண்டது. யாரும் தடுப்பதற்குள் கழியிலிருந்து ஒன்றை உருவினார், மடித்தார், இடது கையில் பிடித்தார், வீசினார். கை நடுங்கியது, ஆனால் சேலை நடுங்கவில்லை. காற்றில் ஒரு கணம் நின்று இறங்கி, முந்தி அந்தப் பெண்மணியின் மடியில் போய் விழுந்தது. வெங்காயச் சருகு. சுற்றி இருந்தவர்கள் செல்போனை எடுத்தார்கள்.

"இது சும்மா பாத்துக்குங்க அம்மணி. அடுத்தது காட்டறேன் பாருங்க" என்று அப்பா திரும்பினார். கழியில் தேடினார். பேத்தி அவருக்காகவே அன்றைக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரே ஒரு அரக்குச் சேலை தொங்கவிட்டிருந்தாள்; மாம்பழக் கரை, மஞ்சிட்டியில் போட்ட சிவப்பு, எட்டு முக்கு முக்கியதாம். அதை எட்டிப் பிடிக்கப் போனார்.

"வேண்டாங்க, இதுவே போதும். எடுத்துக்கிறேன்" என்றார் அந்தப் பெண்மணி.

முப்பத்தெட்டு வருசத்தில் அப்பாவிடம் யாரும் முதல் சேலையை வாங்கியதில்லை. கையை அரக்கின் மேல் வைத்தபடியே நின்றுவிட்டார். பில் போடுகிற பெண் கார்டு தேய்க்கிற மெஷினோடு வந்தாள். எவ்வளவு என்று அப்பா கேட்டதற்கு அண்ணன் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் கணக்கு முடித்தார்கள். மூன்று நாளில் மழைத்தண்ணி போய்விட்டது, யானை போய்விட்டது, பாக்கில் ஒன்றுகூட மிச்சமில்லை. அரக்கு மட்டும் நின்றது. "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் லவுடா இருக்குன்னு வெச்சுட்டுப் போயிட்டாங்க அத்தை" என்றாள். போகாத சரக்கைப் பாதி விலைக்கு வீட்டுக்காரர்களுக்குத் தருவது அவர்கள் லேபிளிலும் வழக்கமாம். 8,400 கொடுத்து நான் வாங்கினேன்.

அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கரையை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு பேத்தியிடம் மஞ்சள் கேட்டார். பங்களாவில் மஞ்சள் எங்கே இருக்கும். சாயப்பொருள் மூட்டையிலிருந்து மஞ்சள் ஒரு துண்டு கிள்ளி வந்து அவளே ஓரத்தில் தடவிக் கொடுத்தாள். இந்தத் தடவை ஸ்டெயின் என்று சொல்லவில்லை.

"சாயம் போகுமா கண்ணு?" என்று கேட்டார் அம்மா.

"போகாது அப்பத்தா."

அப்பா பெருவிரலை நாக்கில் தொட்டு ஓரத்தில் நாலு தேய் தேய்த்தார். பார்த்தார். கையை மடக்கிக்கொண்டார். ஊர் திரும்பும்போது காரில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். விரல் லேசாகச் சிவந்திருந்தது. அம்மாவிடம் அவர் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.